பழி நாய்க்கு, பிழை யாருக்கு?
ஐஸ்லாந்து ஆட்டு நாய் சொல்லும் பாடம்

‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்பது பழமொழி. பெரும்பாலும் கேலிக்குத்தான் இதைச் சொல்வார்கள். ஆனால் குரைப்பதையே தொழிலாகக் கொண்ட, கடிப்பதைக் குணமாகக் கொள்ளாத ஒரு நாய் இனம் உண்மையிலேயே உண்டு. வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஐஸ்லாந்து தீவின் ஆட்டு நாய்தான் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விவசாயியின் மந்தையைக் காத்து வந்த அந்த இனம், சென்ற நூற்றாண்டின் நடுவில் பூண்டோடு அற்றுப் போகும் நிலைக்கு வந்துவிட்டது. அதன் மீது விழுந்த பழி பெரிது. மனிதருக்கு உயிர்க்கொல்லி நோயைப் பரப்புகிறது என்பதே அந்தப் பழி.

பழியில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பிழை நாயினுடையதா, நாயை வைத்திருந்தவர்களுடையதா என்று கேட்டால், விடை வேறாக இருக்கிறது. ஆடும் நாயும் ஒரே பட்டியில் வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயியும் அந்த விடையைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்பிட்ஸ் என்னும் குடும்பம்

ஐஸ்லாந்து ஆட்டு நாய், ஸ்பிட்ஸ் என்று அழைக்கப்படும் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்பிட்ஸ் என்பது ஜெர்மன் சொல். கூர்மையானது என்று பொருள். கூரிய முகவாய், விறைத்து நிற்கும் முக்கோணக் காதுகள், முதுகின் மேல் சுருண்டு கிடக்கும் வால், உள்ளே பஞ்சு போலவும் வெளியே முரடாகவும் இரண்டு அடுக்கு ரோமம் ஆகியவை இக்குடும்பத்தின் அடையாளங்கள். தமிழ்நாட்டு நகரங்களில் பொமரேனியன் என்று சொல்லி வீட்டில் வளர்க்கப்படும் வெள்ளை நாயும் இதே குடும்பந்தான். அதைப் பார்த்தவர்களுக்கு ஐஸ்லாந்து நாயின் முகச்சாயல் எளிதில் விளங்கும்.

ஆனால் இது மடியில் வைத்துக் கொஞ்சும் நாய் அல்ல. ஆண் நாய் சுமார் 46 செ.மீ., பெண் நாய் சுமார் 42 செ.மீ. உயரம் இருக்கும். செம்பழுப்பு, காப்பிக்கொட்டை நிறம், சாம்பல், கறுப்பு எனப் பல நிறங்களில் உண்டு. எந்த நிறமானாலும் கூடவே வெள்ளைத் திட்டுகள் இருக்கும். பின்னங்கால்களின் உட்புறத்தில், தரையில் படாத ஒட்டுவிரல்கள் இரண்டு இருப்பதை இந்த இனத்தின் விரும்பத்தக்க அடையாளமாகக் கருதுகிறார்கள்.

கப்பலில் வந்த நாய்

மனிதன் குடியேறுவதற்கு முன் ஐஸ்லாந்தில் நாயும் இல்லை, ஆடும் இல்லை, குதிரையும் இல்லை. நிலத்தில் வாழும் பாலூட்டி விலங்கு என்றால் அங்கு துருவ நரி ஒன்றுதான். கி.பி. 874-க்கும் 930-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் நார்வே நாட்டிலிருந்து மக்கள் பாய்மரக் கப்பல்களில் வந்து குடியேறினார்கள். தங்களோடு ஆடு, மாடு, குதிரைகளையும், அவற்றை மேய்க்க நாய்களையும் கொண்டு வந்தார்கள். அந்த நாய்களின் வழி வந்ததே இன்றைய ஐஸ்லாந்து ஆட்டு நாய். அந்த நாட்டுக்கே உரிய நாய் இனம் இது ஒன்றுதான். நார்வேயின் புஹுண்ட் என்னும் பண்ணை நாய் இதன் உறவினம்.

இந்த நாயின் பெயர் கடல் தாண்டியும் பரவியிருந்தது. ஐஸ்லாந்து நாய்கள் இங்கிலாந்துக்குக் கொண்டு போகப்பட்டதுண்டு. சுமார் 1599-ல் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில் ஒரு பாத்திரம் மற்றொன்றை ஐஸ்லாந்து நாய் என்று ஏசுகிறது. வசைச் சொல்லாக வரும் அளவுக்கு அந்த நாய் அங்கே அறிமுகமாகியிருந்தது என்பதற்கு இது சான்று.

வேலை வகுத்த குணம்

ஒரு நாயின் குணம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. எந்த வேலைக்கு அதை வைத்தார்களோ, அந்த வேலைக்கு ஒத்து வந்ததை மட்டுமே தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். அந்த வேலையே குணமாகப் படிந்துவிடுகிறது. ஐஸ்லாந்து நாயைப் பார்த்தால் இது தெளிவாகும்.

ஐஸ்லாந்தில் ஓநாய் கிடையாது. கரடி அங்கு வாழும் விலங்கல்ல. ஆகவே ஓநாயை எதிர்த்து நின்று கடித்துக் குதறும் மூர்க்கமான காவல் நாய் அந்த விவசாயிக்குத் தேவைப்படவில்லை. அவனுக்கு வேண்டியது வேறு. கோடையில் ஆடுகளை மலைமேய்ச்சலுக்கு அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அவை மாதக்கணக்கில் மேய்ப்பன் இல்லாமலே மலையில் மேயும். செப்டம்பர் மாதம் ஊரார் எல்லாரும் குதிரையேறிப் போய், மலையெங்கும் சிதறிக் கிடக்கும் ஆடுகளைத் திரட்டிப் பள்ளத்தாக்குக்கு ஓட்டி வருவார்கள். பொதுப் பட்டியில் அடைத்து, காது வெட்டு அடையாளம் பார்த்து, அவரவர் ஆட்டை அவரவர் பிரித்துக்கொள்வார்கள். இந்த வழக்கம் இன்றும் நடக்கிறது.

பாறையும் பள்ளமுமான அந்த மலையில் மறைந்து நிற்கும் ஆட்டைக் கிளப்ப, குரல்தான் ஆயுதம். நாய் குரைத்துக்கொண்டே ஓடும். ஆடு பயந்து வெளியே வரும். குரல் வரும் திசையைக் கேட்டு, மேய்ப்பன் நாய் இருக்கும் இடத்தை அறிந்துகொள்வான். சத்தமில்லாமல் பதுங்கி, கண் பார்வையாலேயே ஆட்டை அடக்கும் ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியின் பார்டர் கோலி நாய்க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மற்றொரு வேலை வீட்டோடு சேர்ந்தது. குளிர்காலத் தீவனத்துக்கான புல் வளர்வது வீட்டைச் சுற்றிய நிலத்தில். அந்தப் புல்லில் ஆடோ குதிரையோ வாய் வைத்துவிட்டால், பனிக்காலத்தில் கால்நடைக்குத் தீவனம் இருக்காது. வந்த கால்நடையை விரட்டி வெளியேற்றுவது நாயின் அன்றாடக் கடமை. ஆனால் காயப்படுத்தக் கூடாது. கால்நடையின் காலில் காயம் பட்டால் நட்டம் விவசாயிக்குத்தானே? எனவே குரைக்கும், ஓடும், ஆனால் கடிக்காத நாயே நல்ல நாய் என்று நிலைபெற்றது.

ஆட்டுக்குட்டிகளைத் தூக்க வரும் பறவைகளைக் கண்டால் அண்ணாந்து பார்த்துக் குரைப்பதும் இந்த நாயின் வழக்கம். பல தலைமுறை கடந்து, இன்று நகரத்து வீட்டில் வளரும் நாயும் வானத்துப் பறவையைப் பார்த்துக் குரைப்பதுண்டு.

அந்நியர் வந்தால் குரைத்து அறிவிக்கும். வந்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் வாலை ஆட்டி வரவேற்கும். மகிழ்ச்சியும் துறுதுறுப்பும், பயமில்லாத தன்மையும், மனிதரோடு ஒட்டிக்கொள்ளும் இயல்பும் இதன் குணங்கள். வேட்டை வெறி இதனிடம் பெரிதாக இல்லை. ஆனால் இந்தக் குணத்துக்கு ஒரு விலை உண்டு. தனியே கட்டிப் போட்டால் இது வாடிவிடும். வேலை இல்லாவிட்டால் ஓயாமல் குரைத்துத் தொல்லை கொடுக்கும். அடித்துப் பழக்கினால் படியாது. அன்போடு, ஆனால் கண்டிப்போடு பழக்கினால் விரைவில் கற்றுக்கொள்ளும்.

ஈரலில் வந்த வினை

இப்படிப்பட்ட நாய்க்குத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேடு வந்தது. அக்காலத்தில் ஐஸ்லாந்து மக்களைப் பெரிதும் வருத்திய நோய் நீர்க்கட்டி நோய். வயிற்றில், குறிப்பாக ஈரலில், நீர் நிறைந்த பை போன்ற கட்டி தோன்றி, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லப் பெருத்து, கடைசியில் ஆளைக் கொன்றுவிடும். அந்த நோய் மலிந்த நாடுகளில் ஐஸ்லாந்து முன்வரிசையில் இருந்தது.

1863-ல் ஹரால்டு கிராபே என்ற டென்மார்க் நாட்டு அறிஞர் இதை ஆராய ஐஸ்லாந்துக்கு வந்தார். நூறு நாய்களின் குடலை அறுத்துப் பார்த்தார். 28 நாய்களில் இந்த நோய்க்குக் காரணமான நாடாப்புழு இருந்தது. ஒரு நெல்மணி நீளம்கூட இல்லாத மிகச் சிறிய புழு அது.

அந்தப் புழுவின் வாழ்க்கை ஒரு வட்டம். நாயின் குடலில் வாழும் புழு முட்டையிடும். முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறிப் புல்லிலும் தண்ணீரிலும் கலக்கும். அந்தப் புல்லைத் தின்ற ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி உண்டாகும். ஆட்டை அறுத்தவர் கட்டியுள்ள ஈரலை, ‘இது ஆகாது’ என்று நாய்க்கு வீசுவார். அதைத் தின்ற நாயின் குடலில் மறுபடியும் புழுக்கள் பெருகும். நாயைத் தொட்ட கையோடு சாப்பிடுகிறவர் வயிற்றுக்கும், அசுத்தமான தண்ணீரைக் குடிப்பவர் வயிற்றுக்கும் முட்டை போய்ச் சேரும். ஆட்டுக்கு வந்த கட்டியே மனிதருக்கும் வரும். இவ்வளவுக்கும் புழு இருக்கும் நாய் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே காணப்படும்.

இந்த வட்டத்தில் நாய் தானாகச் செய்தது எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போட்டதைத் தின்றது, அவ்வளவுதான். கெட்டுப்போன ஈரலை வீசிய கை மனிதருடையது. எய்தவன் இருக்க அம்பை நோவது என்பது இதுதான்.

கிராபே எளிய நடையில் ஒரு சிறு நூல் எழுதினார். அது ஐஸ்லாந்து மொழியில் அச்சிடப்பட்டு, நாடெங்கும் வீடுகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. 1869-லும் 1890-லும் சட்டங்கள் வந்தன. நாய்களின் எண்ணிக்கையைக் குறைக்க வரி போடப்பட்டது. நோயுற்ற உறுப்புகளை நாய்க்குப் போடாமல் அழிக்க வேண்டும், நாய்களுக்கு ஆண்டுதோறும் புழு மருந்து கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடுகள் நடைமுறைக்கு வந்தன. ரெய்க்யாவிக் தலைநகரில் 1924 முதல் நாய் வளர்ப்பதே தடை செய்யப்பட்டது. 1984-ல்தான் அனுமதி பெற்று வளர்க்கலாம் என்று அந்தத் தடை தளர்ந்தது.

அதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டிஸ்டெம்பர் என்னும் நாய்க்கொள்ளை நோயும் தாக்கியது. தீவின் நாய்களில் முக்கால் பங்குக்கு மேல் மடிந்ததாகக் கூறுவார்கள். ஒரு நல்ல ஆட்டு நாய்க்கு ஒரு குதிரையும் இரண்டு ஆடுகளும் விலையாகக் கொடுத்த காலம் அது என்றும் சொல்லப்படுகிறது. நாய் இல்லாமல் ஆடு வளர்க்க முடியாது என்பதை அந்த விவசாயிகள் அன்று கண்கூடாகக் கண்டார்கள். 1901-ல் வெளிநாட்டு நாய்களைக் கொண்டுவரத் தடை விதிக்கப்பட்டது.

நாய் இருக்கிறது, நோய் இல்லை

நாய்களைக் குறைத்ததால்தான் நோய் ஒழிந்தது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. வேலையில்லாமல் திரியும் நாய்கள் குறைந்தால் புழுவும் குறையும் என்பது உண்மையே. ஆட்டைக் கிழமாகும் வரை வைத்திருந்து அறுக்கும் பழக்கம் மாறி, குட்டிப் பருவத்திலேயே இறைச்சிக்கு அனுப்பும் முறை வந்ததும் உதவியது. இளம் ஆட்டில் கட்டி முற்றுவதற்குக் காலம் இருப்பதில்லை.

ஆனால் முடிவை வைத்துப் பார்த்தால் வழக்கு எளிதில் தீர்ந்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்திலிருந்து அந்த நோய் அறவே ஒழிந்தது. நாய்கள் இன்றும் இருக்கின்றன, ஆடுகளும் இருக்கின்றன. நாயும் ஆடும் மனிதரும் ஒரே பண்ணையில் வாழ்ந்தும் நோய் இல்லை என்றால், அறுபட்டது எது? நாயின் கழுத்து அல்ல. ஈரலை வீசும் பழக்கம் என்ற கண்ணி. ஆகவே நாயை ஒழிப்பது நோய்க்குத் தீர்வு ஆகாது. பழக்கத்தை மாற்றுவதே தீர்வு.

இனத்தைக் காத்தவர்கள்

நோயிலும் வரியிலும் தப்பிய நாய்கள் கலப்பினால் அழியத் தொடங்கின. 1950-களில் தூய ஐஸ்லாந்து நாயைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. மார்க் வாட்சன் என்ற ஆங்கிலேயர் அதைத் தேடித் தீவு முழுதும் அலைந்தார். நாட்டின் கிழக்கே, போக்குவரத்து அதிகம் இல்லாத பிரெய்தலூர் பள்ளத்தாக்கு போன்ற ஒதுக்குப்புறங்களில்தான் பழைய சாயல் மாறாத நாய்கள் அவர் கண்ணில் பட்டன. அந்த விவசாயிகள் இனத்தைக் காக்க வேண்டும் என்று எண்ணி வளர்க்கவில்லை. ஆட்டுக்கு வேண்டியிருந்தது, வளர்த்தார்கள். வாட்சன் சில நாய்களை 1950-களின் நடுவில் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குக் கொண்டு போய் இனப்பெருக்கம் செய்தார். பிறகு இங்கிலாந்திலும் அப்பணியைத் தொடர்ந்தார்.

ஐஸ்லாந்திலேயே அந்தப் பணியை 1967-ல் தொடங்கியவர் சிக்ரீதுர் பியேதுர்ஸ்தோத்திர் என்ற பண்ணைப் பெண்மணி. தலைமைக் கால்நடை மருத்துவர் பால் பால்சன் அவருக்குத் துணை நின்றார். 1969-ல் அந்நாட்டு நாய் வளர்ப்போர் சங்கம் உருவானது. 1979-ல் இந்த இனத்துக்கெனத் தனிப் பிரிவு அமைந்தது. 1996-ல் பல நாடுகளின் வளர்ப்போர் கூடி ஒரு பொதுக்குழு அமைத்தார்கள். காரணம், மிஞ்சியவை மிகச் சில நாய்கள். அவற்றின் வாரிசுகளுக்குள்ளேயே இணை சேர்த்துக்கொண்டு போனால் வம்சம் நலிந்துவிடும். எந்த நாட்டு நாயை எதனோடு சேர்ப்பது என்று கணக்குப் பார்த்தே செய்ய வேண்டியிருந்தது. வாட்சன் பிறந்த ஜூலை 18-ஆம் நாள், 2016 முதல் ஐஸ்லாந்து ஆட்டு நாய் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அழிய விட்டுவிட்டுப் பிறகு மீட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. கைவசம் இருக்கும்போதே போற்றி வைத்திருந்தால் இவ்வளவு பாடு தேவைப்பட்டிருக்காது.

தமிழ்நாட்டு ஆடு வளர்ப்போருக்கு

இவ்வளவையும் கேட்டுவிட்டு, அந்த நாயை இங்கே வரவழைக்கலாமா என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. பனிக்கென்று அமைந்த இரட்டை ரோமத்தோடு தமிழ்நாட்டு வெயிலில் அது படாத பாடு படும். கொண்டுவர வேண்டியது நாயை அல்ல, பாடத்தை.

ஏனெனில் நீர்க்கட்டி நோய் ஐஸ்லாந்தோடு நின்ற நோய் அல்ல. இந்தியாவில் அறுக்கப்படும் செம்மறி ஆடு, வெள்ளாடு, மாடு, எருமைகளிலும் இந்தக் கட்டிகள் காணப்படுகின்றன; மனிதருக்கும் வருகிறது. திருவிழாவிலும் வீட்டு விசேஷத்திலும் கிடா வெட்டும்போது, ஈரலில் நீர்ப்பை தென்பட்டால் அறுத்தெறிந்து நாய்க்குப் போடுவது பல ஊர்களில் சாதாரணம். ஐஸ்லாந்துக்காரன் அன்று செய்ததும் அதுவே.

செலவு அதிகம் இல்லாமல் செய்யக் கூடியவை இவை: நீர்க்கட்டி உள்ள ஈரல், நுரையீரலை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும், அல்லது எரித்துவிட வேண்டும். கிடையில் செத்த ஆட்டையும் அப்படியே. நாய்க்குக் குடல், ஈரல் போடுவதானால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே போட வேண்டும். பட்டி நாய்க்கு நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவாண்டல் மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவிலும் இடைவெளியிலும் கொடுக்க வேண்டும். நாயைத் தொட்ட பின், முக்கியமாகக் குழந்தைகள், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது. ஆட்டுத் தீவனமும் தண்ணீர்த் தொட்டியும் நாய் அசுத்தம் செய்யாத இடத்தில் இருக்க வேண்டும்.

ஆட்டுக்குப் புழு மருந்து கொடுக்கும் விவசாயிகள் பலர், அதே பட்டியைக் காக்கும் நாயைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கால்நடை என்றால் பால் கொடுப்பதும் இறைச்சிக்குப் போவதும் மட்டுமே என்ற எண்ணம் மாற வேண்டும். இரவெல்லாம் விழித்திருந்து திருடனையும் நரியையும் தூர நிறுத்தும் நாயும் பண்ணையின் முதல்தான். அதற்கு ஆகும் மருந்துச் செலவு, ஓர் ஆட்டின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

பட்டியில் அடுத்த கிடா அறுபடும்போது ஈரலைக் கையில் எடுப்பவர், எதிரே வாலை ஆட்டி நிற்கும் நாயை ஒரு கணம் பார்க்கட்டும். கையில் இருப்பதை வீசுவதா, புதைப்பதா என்று அது முடிவு செய்யப் போவதில்லை. அந்த முடிவு மனிதரின் கையில் இருக்கிறது. பின்னால் வரும் பழியும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.